கரட்டுப்புதூரின் ஒரே பொய்க்காரி

காலை பத்தேகாலுக்கு வெயில் சங்கு ஊதியதும் கரட்டுப்புதூரின் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் தாமாகவே கதவைப் பூட்டிக்கொண்டன. இனி மாலை ஐந்தரைக்குத்தான் திறக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட விருந்தாளிக்கு அங்கேயே சோறு போட்டாக வேண்டும். வெளியே மாட்டிக்கொண்டவன் தெருமுனைக் குளிர்க்குழிக்குள் இறங்கி, முன்பின் தெரியாதவர்களோடு தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்க வேண்டும். இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. வெளியே ஐம்பத்து நான்கு டிகிரி அடித்தால் கதவு பூட்டிக்கொள்ளத்தானே செய்யும்? தெருக்களுக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளைப் படலத்தால் கூரை போட்டிருந்தார்கள். வெயில் நேராக இறங்காது. வெக்கை மட்டும் எப்படியோ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அமராவதி கதவு பூட்டியதும் முதல் வேலையாகச் சுவரில் இருந்த வெப்பமானி காட்டிய நேற்றைய உச்சத்தைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. முந்தாநாளும் நாற்பத்தொன்றுதான். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஊருக்கு வெளியே உள்ள சூரியப் பண்ணையில், பலகைகளின் தூசியைத் துடைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. விடியற்காலை மூன்று மணிக்குப் போனால் ஒன்பதுக்குத் திரும்புவாள். அதற்குப் பிறகு மாலை வரை வெப்பமானிக்கும் கணவனுக்கும் இடையே நடப்பதுதான் அவள் வாழ்க்கை.

"மாமா, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன் புள்ள. சும்மா சும்மா வந்து தொட்டுத் தொட்டுப் பாக்காத. நானென்ன இட்லிச் சட்டியா?" என்றான் செங்கோடன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே தெருக்கூரையை இழுத்துக் கட்டும்போது வெக்கை தாக்கி விழுந்தவன். உயிர் பிழைத்தான்; வியர்வை போய்விட்டது. வியர்க்காத உடம்பு மூடி போட்ட பானை. முப்பத்தாறு டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து என்றார்கள். மாசியில் உச்சிச் சூடு ஒரு மணி நேரம்தான், ஈரத்துணி போர்த்தி ஓட்டிவிடலாம்; சித்திரை பிறந்தால் பகல் முழுக்க அப்படித்தான். வீட்டில் அந்த அளவுக்குள் வைத்துக்கொள்ள வசதி இல்லாத வெக்கை நோயாளிகளைச் சித்திரை முதல் தேதியிலிருந்து ஆடி முடிய அரசு குளிரகத்தில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நாற்பது கட்டில், மெல்லிய மயக்க மருந்து. உடம்பு அசையாமல் கிடந்தால் சூடு குறைவாக உண்டாகுமாம். போன ஆடியில் செங்கோடன் அங்கிருந்து திரும்பியபோது அவள் பெயர் நினைவுக்கு வர அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள், "அடுத்த வருசம் என்னைய அங்க விட்டுறாத புள்ள" என்றான். அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காததுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது மாசி பாதி போய்விட்டது.

ஏசி வாங்கலாம். ஆனால் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மின்சாரம் இருக்காது. செத்துப்போக அந்த இரண்டு மணி நேரம் தாராளம். மீதி நேரம் ஓட்டினால் அவள் சம்பளத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். அவளுக்கு வேண்டியது மெழுகுச்சுவர். சுவருக்குள் விரல் தடிமனுக்கு ஒருவகை மெழுகை அடைத்துவிடுவார்கள். பகல் சூட்டை வாங்கி அது உருகும். இரவில் சூட்டை வெளியே விட்டு உறையும். மின்சாரமே வேண்டாம். ஐந்தாறு டிகிரி அப்படியே இறங்கிவிடும்.

அந்தச் சுவருக்கு அரசாங்கம் முப்பது வருடமாகக் கடன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. பட்டா வேண்டும், இரண்டு பேர் ஜாமீன் வேண்டும், வருமானச் சான்று வேண்டும், வருமானத்துக்குச் சான்று கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று இன்னொரு சான்று வேண்டும். சுருக்கமாக, கடன் தேவைப்படாதவன் மட்டுமே கடனுக்குத் தகுதியானவன். அமராவதி நான்கு முறை விண்ணப்பித்து நான்கு முறையும் திரும்பி வந்தாள்.

இந்த ஆண்டு அரசாங்கத்துக்கு ஞானோதயம் பிறந்தது. கடன் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும், கேள்விகள்தான் தடை, ஆகவே கேள்வியே கிடையாது. பெயரே 'கேள்வியில்லாக் கடன்'. பட்டா இல்லை, ஜாமீன் இல்லை. விண்ணப்பித்தால் அளவையர் என்ற இயந்திரம் வந்து மூன்று நாள் வீட்டோடு தங்கும். உச்சிவேளையில் வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று பார்க்கும். எந்த வீடு அதிகம் கொதிக்கிறதோ அந்த வீட்டுக்கு முதலில் கடன். அவ்வளவுதான்.

அமராவதி அன்றே விண்ணப்பித்தாள். மறுநாள் பார்த்தால் ஊர் முழுக்க விண்ணப்பித்திருந்தது. ஆற்றில் போகிற தண்ணீரை அம்மா குடித்தால் ஐயா சும்மா இருப்பாரா? மேற்குப்பக்கத்து வீட்டுச் சென்னியப்பனும் கொடுத்திருந்தார். அவர் வீட்டில் மூன்று ஏசி. சித்திரையில் அவர் வீட்டுக்குப் போனால் போர்த்திக்கொள்ளப் போர்வை கொடுப்பார்கள்.

"ஏனுங்ண்ணா, உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கடன்?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும்னுதான அம்மிணி சொல்லியிருக்கறாங்க? நான் எல்லாருல சேத்தி இல்லியா?" என்றார் சென்னியப்பன்.

அளவையர்கள் ஒரே நாளில் வந்து இறங்கின. தண்ணீர் டிரம் உயரம், நான்கு சக்கரம், சுத்தமான மேடைத் தமிழ். அமராவதி வீட்டுக்கு வந்தது கூடத்து மூலையில் நின்றுகொண்டு, "வணக்கம் அம்மா. எனக்கு உணவோ படுக்கையோ தேவையில்லை. தாங்கள் வழக்கம்போல் இருங்கள்" என்றது.

அவள் வழக்கம்போல்தான் இருந்தாள். முதல் நாள் உச்சியில் நாற்பத்தொன்று பதிவாயிற்று. மாலையில் கதவு திறந்ததும் தெருமுனைப் பலகையில் ஊர் வரிசை ஒளிர்ந்தது. தன் வீட்டை மேலிருந்து தேடிக்கொண்டே வந்தாள். கழுத்து வலிக்கும் மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐந்நூற்றுத் தொண்ணூறாவது இடத்தில் இருந்தது. சென்னியப்பன் வீடு நாற்பத்தொன்பது டிகிரியோடு ஏழாவது இடத்தில் இருந்தது.

நடந்தது இதுதான். ஏசிகளை எல்லாம் அணைத்துவிட்டு ஊரே அடுப்பு மூட்டியிருந்தது. கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடமிருந்த பிரியாணி அடுப்புகள் அத்தனையும் வாடகைக்குப் போய்விட்டன. அந்த வாரம் நடக்க வேண்டிய ஒரு கல்யாணத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் அவல் கொடுத்து அனுப்பினார்கள். கூடத்தில் அடுப்பை எரியவிட்டு, குடும்பத்தோடு குளிர்க்குழியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஊரான் வீட்டு நெய் என்றால் யாருக்குத்தான் கை தாராளமாகாது?

"நீ என்ன அம்மிணி, வெவரங் கெட்டவளா இருக்கறே? மெசினு டிகிரியத்தான் பாக்கும், ஞாயத்தையா பாக்கும்? இன்னும் ரெண்டு நாளு இருக்குது பாத்துக்க" என்றார் சென்னியப்பன். அவர் கெட்டவர் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

அன்றிரவு அமராவதிக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள், வெப்பமானியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மறுபடி தண்ணீர் குடித்தாள். விடியற்காலை பண்ணைக்குப் போனவள், பலகைகளின் பசையைக் காயவைக்கும் சூட்டுக்குழலைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். செங்கோடனைக் கைத்தாங்கலாகக் குளிர்க்குழிக்கு அழைத்துப் போனாள். அந்த நெரிசலில் ஓரிரு நாளுக்கு மேல் அவன் உடம்பு தாங்காது.

"என்ன புள்ள பண்ணப் போற?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. ஊட்டுல கொஞ்சம் வேலை."

"ஊட்டைக் கொளுத்தீராத" என்றான் அவன். அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

சூட்டுக்குழலைக் கூடத்து நடுவில் வைத்து முடுக்கினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு பிரச்சினை உண்டு. மாட்டிக்கொண்டால் தேவலை என்று தோன்றும். அவள் அளவையரைப் பார்த்து, "ஏனுங்க, இதை எதுக்கு வெக்கறேன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

"கேள்வி கேட்கும் பகுதியை இந்த ஆண்டு என்னிலிருந்து நீக்கிவிட்டார்கள் அம்மா" என்றது அது பணிவாக. "கேள்விகளால்தான் பலருக்குக் கடன் கிடைக்காமல் போனதாம்."

அன்றும் மறுநாளும் உச்சியில் நாற்பத்தேழு பதிவாயிற்று.

பத்தாம் நாள் ஆணை வந்தது. கடன் ஆணை இல்லை. ஓர் ஊரின் வீடுகள் உச்சிவேளையில் சராசரியாக நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் கொதித்தால் அது மனிதர் வாழத் தகாத ஊர் என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. கரட்டுப்புதூரின் சராசரி நாற்பத்தாறரை. வாழத் தகாத ஊரில் பொதுப்பணத்தைப் போட்டுச் சுவர் கட்டக் கூடாது. குடிமக்களைப் பதினைந்து நாளில் கடலோர அடுக்ககங்களுக்கு மாற்ற வேண்டும். யாருக்கு எங்கே என்ற பட்டியலும் கூடவே இருந்தது. அமராவதிக்குப் பதினான்காவது மாடியில் ஓர் அறை. செங்கோடனுக்கு வேறொரு மாவட்டத்தில், வெக்கை நோயாளர் நிரந்தரக் குளிரகம். நான்கு மாதமில்லை; ஆண்டு முழுவதும், ஆயுள் முழுவதும்.

அவள் அந்தப் பட்டியலை அவனிடம் காட்டவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அன்று முழுவதும் வீட்டுக்குள் நடந்தாள். நடந்த நடையைக் கணக்கெடுத்திருந்தால் கரூர் போய்த் திரும்பியிருக்கலாம்.

ஊர் கொதித்தெழுந்தது. குறை கேட்கச் சென்னையிலிருந்து யாழரசி என்ற ஆணையர் நேரில் வந்தார், மனிதப் பிறவிதான். கல்யாண மண்டபத்தில் கூட்டம். அவர் நேராகவே பேசினார்.

"உங்கள் ஊர் இவ்வளவு கொதிக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. வழி இருக்கிறது. யாராவது தவறான அளவு கொடுத்திருந்தால் இப்போது எழுந்து சொல்லலாம். அந்த வீட்டை மறுபடி அளப்போம். இருநூறு பேர் சொன்னால் சராசரி இறங்கிவிடும், ஊர் பிழைக்கும். ஆனால் சொன்னவருக்குப் பத்து ஆண்டு எந்த அரசுக் கடனும் கிடையாது. சட்டம் அது, என்னால் மாற்ற முடியாது."

மண்டபத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். இருநூறு பேர் எழுந்தால் போதும். மற்ற நானூறு பேருக்கும் ஊரும் இருக்கும், கடனும் இருக்கும். அந்த நானூறில் ஒருவராக இருப்பது எப்படி என்பதுதான் அங்கிருந்த அத்தனை பேரின் யோசனையும்.

சென்னியப்பன் முதலில் எழுந்தார். "மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. எங்கூடு நெசமாலுமே சூடுங்க" என்று சொல்லி, சத்தியம் பதிவு செய்யும் பலகையில் உள்ளங்கையை வைத்தார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். அடுத்த வீட்டு அடுப்பைப் பற்றி ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. தன் வீட்டில் மட்டும் அடுப்பே இல்லையாம்.

அமராவதி எழுந்தாள்.

"எங்கூட்டுல சூட்டுக்குழல் வெச்சனுங்க. பொய் அளவுதானுங்க. நெச அளவு நாப்பத்தொண்ணு." சொல்லிவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சொல்லீட்டேன். நீங்களும் சொல்லுங்க சாமீ. இருநூறு பேருதான? ஊரு பொழைக்கும். எங்க மாமனை என்னயவிட்டுப் பிரிச்சு எங்கியோ கொண்டுபோயிருவாங்க, தயவு பண்ணுங்க."

யாரும் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "அடிப் பாவி! உன்னாலதான் எங்க ஊரே போச்சா?" அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். பொய் சொல்லி ஊரைக் கெடுத்தவள் என்று அறுநூறு வாயும் ஒரே நேரத்தில் பேசின. குற்றவாளி கிடைத்துவிட்டதில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல்.

ஆணையர் அறிக்கையில் இப்படி எழுதப்பட்டது: மெய்யளவு தந்த வீடுகள், அறுநூற்றுப் பதினொன்று. பொய்யளவு தந்த வீடு, ஒன்று. ஊரைக் காலி செய்யும் ஆணை உறுதி செய்யப்படுகிறது. பொய்யளவு தந்த வீடு மறு அளவில் நாற்பத்தொரு டிகிரியே இருப்பதால் அது மட்டும் வாழத் தக்கது, அங்குள்ளோர் விரும்பினால் தங்கலாம், கடன் கிடையாது.

பங்குனிக் கடைசியில் லாரிகள் வந்தன. ஊர் போயிற்று. கடை போயிற்று, குளிர்க்குழியையும் குளிரகத்தையும் மூடிவிட்டார்கள். தண்ணீர் மட்டும் பண்ணைக்கு வரும் வண்டியில் வந்தது. செங்கோடனை எடுத்துச் செல்ல யாரும் வரவில்லை. அது ஒன்றுதான் அவள் பொய்யை ஒப்புக்கொண்டதால் கிடைத்த பலன். ஆனால் சித்திரை பிறக்கிறது, வீடு நாற்பத்தொன்றில் நிற்கிறது, ஓடிப்போய்ச் சேர்க்கக் குளிரகமும் இல்லை. ஈரத்துணி போர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்து, நானே கொன்றுவிடப் போகிறேனா என்று நினைத்தாள்.

சித்திரை முதல் நாள் வெப்பமானி முப்பத்தொன்பது காட்டியது. கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் முப்பத்தேழு. ஏழாம் நாள் உச்சியில் முப்பத்தைந்து. செங்கோடன் எழுந்து, சுவரைப் பிடிக்காமல் அடுப்படி வரை நடந்து வந்து, "பசிக்குது புள்ள" என்றான். அவள் அழுதுவிட்டாள்.

தனி வீடு என்பதால் வாரம் ஒரு முறை அளவையர் வரும். வெயில் அப்படியே இருக்கையில் வீடு மட்டும் ஏன் குளிர்ந்தது என்று அதனிடம் கேட்டாள்.

"பதில் சொல்லும் பகுதியை நீக்கவில்லை அம்மா. சொல்கிறேன்" என்றது. "ஏசி சூட்டை அழிப்பதில்லை. உள்ளே இருப்பதை எடுத்து வெளியே தள்ளுகிறது. இந்த ஊரில் ஆயிரத்துக்கு மேல் ஏசிகள். தள்ளிய சூடு மேலே போகத் தெருக்கூரை விடவில்லை. ஏசி இல்லாத வீடுகளுக்குள் அது புகுந்தது. ஏசிகளை அணைத்திருந்த அந்த மூன்று நாளும் அதே வேலையை அடுப்புகள் செய்தன. உங்கள் வீட்டு நாற்பத்தொன்றில் வெயிலின் பங்கு முப்பத்தைந்து. மீதி ஆறும் அக்கம்பக்கத்தாருடையது."

அந்த ஒன்றரை மாதம்தான் அவர்கள் வாழ்ந்தார்கள் என்று சொல்ல வேண்டும். மாலையில் காலித் தெருவில் கைகோத்து நடந்தார்கள். செங்கோடன் ஐந்து வருடப் பேச்சைச் சேர்த்துப் பேசினான். ஆனாலும் மனுசன் மனுசன்தானே. "எல்லாஞ் சரி, ஒரு சண்டை போடறதுக்குக்கூட ஆளில்லையே புள்ள" என்றான் ஒருநாள். அமராவதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேண்டாததைச் சொன்னால் பலிக்கும் என்று அவளுக்கு ஒரு பயம்.

பலிக்கத்தான் செய்தது. கடன் துறையின் கணக்குப்பொறி மாநிலம் முழுவதையும் அலசி, எந்த ஊரில் வீட்டுச் சூடு அதிகம் குறைந்தது என்று தேடியது. கரட்டுப்புதூர், சராசரி நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து. ஊரில் இருந்தது ஒரு வீடுதான் என்பதைப் பற்றிக் கேட்க அதற்கும் கேள்விப் பகுதி இல்லை. 'கேள்வியில்லாக் கடன்' திட்டத்தின் மாபெரும் வெற்றி என்று அறிவிப்பு வந்தது. ஊர் மறுபடி வாழத் தக்கதாயிற்று. திரும்பி வருகிறவர்களுக்குச் சுவர்க் கடனில் முன்னுரிமை. அடுக்ககங்களில் லிப்டுக்கு வரிசையில் நின்று நொந்துபோயிருந்த ஊர் மூட்டையைக் கட்டியது.

வைகாசி நடுவில் முதல் லாரி சென்னியப்பனுடையது. கட்டிலுக்கு முன்னால், அண்டா குண்டாவுக்கு முன்னால், ஏசிகள் இறங்கின. நான்கு.

அமராவதி ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றாள். அளவையர் சொன்ன கணக்கை மூச்சு வாங்கச் சொன்னாள். "அண்ணா, உங்களுக்குக் கும்புடு போடறேன். சுவர்க் கடன் குடுக்கறாங்கல்ல, அதை மட்டும் கட்டிக்கிங்க. இதை மாட்டாதீங்க. எங்க மாமன் இப்பத்தான் எந்திரிச்சு நடக்கறாரு."

சென்னியப்பன் பொறுமையாகக் கேட்டார். அவருக்குப் புரியவும் செய்தது. "நீ சொல்றது ஞாயந்தான் அம்மிணி" என்றார். "ஆனா பின்னாடி இன்னும் அறுநூறு லாரி வருது. அவனவன் மாட்டத்தான் போறான். நான் ஒருத்தன் மாட்டாம இருந்து என்ன ஆயிரப் போவுது, சொல்லு?"

நான்காம் நாள் வீட்டில் முப்பத்தேழு. ஆறாம் நாள் நாற்பது. செங்கோடன் மறுபடி படுக்கையோடு போய்விட்டான். குளிரகத்தைத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று மாலை அவளை அருகில் கூப்பிட்டு, பெயரைச் சொல்ல வாயைத் திறந்து, சற்றுத் திணறி, அப்புறம் "அமராவதி" என்றான். அந்தச் சற்று நேரத்தை அவளால் தாங்க முடியவில்லை.

சுவர்க் கடனுக்கு அவளுக்குப் பத்து ஆண்டுத் தடை. ஏசிக்கு யாரும் தடை போட்டிருக்கவில்லை. கடைக்காரன் தவணையில் கொடுத்தான். அவனும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மின்கட்டணத்தையும் மதியத்து இரண்டு மணி நேரத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மாட்டுவதற்கு ஆள் வந்தான். ஏணியில் ஏறி நின்று, "சூடு தள்ளற வாயை எந்தப் பக்கம் திருப்பி வெக்கட்டுமுங்க?" என்றான்.

மேற்கே இடமில்லை, சென்னியப்பனின் நான்கு வாயும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கிழக்கு வீட்டில் முந்தாநாள்தான் ஒரு சின்னக் குடும்பம் குடிவந்திருந்தது. ஏசி இல்லை. சன்னல் கம்பியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அமராவதி கிழக்கே கைகாட்டிவிட்டு, வெக்கை உள்ளே வராமல் இருக்கச் சன்னலைச் சாத்தப் போனாள்.